டீச்சரைக் கேளுங்கள்: ‘பெர்ஃபங்க்டரி’ என்றால் அரைகுறையா?

கேள்வி: டீச்சர், நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவன். இந்த வருட அப்ரைசலில் என் மேலாளர், ‘செக்லிஸ்ட் என்ட்ரிகள் கம்ப்ளீட், ஆனால் பெர்ஃபங்க்டரி’ என்று எழுதியிருக்கிறார். போனில் தேடினால் அரைமனதான, மேலோட்டமான, அக்கறையற்ற என்று மூன்று விதமாக வருகிறது. மணிக்கு ஒரு தாள், தாளுக்கு 26 கட்டம். ஒரு நாளும் ஒரு கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை. எல்லாவற்றிலும் ஓகே போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முழுசாகச் செய்த வேலையை அரைகுறை என்று எப்படிச் சொல்லலாம்?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு சொல் மனசில் முள்ளாகத் தைத்தால்தான் இப்படி எழுத வரும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேலாளர் அரைகுறை என்று எழுதவில்லை. ‘கம்ப்ளீட்’ என்றுதான் ஆரம்பிக்கிறார். அரைகுறை என்றால் வேலையில் பாதி நிற்கும். பெர்ஃபங்க்டரி வேலையில் எதுவும் நிற்காது. எண்ணிப் பார்த்தால் எல்லாம் இருக்கும். செய்தவருடைய கவனம் மட்டும் அதில் இருக்காது.

இதை நான் அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முப்பத்து மூன்று வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். 1994-இல் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இரண்டு பிரிவு, மொத்தம் 110 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை காம்போசிஷன் நோட்டுகளை இரண்டு கட்டாகக் கட்டி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். திங்கள்கிழமை காலையில் திருத்திக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவைப் பற்றி எழுதச் சொன்ன வாரம் அது. நோட்ஸில் இருந்த கட்டுரை எனக்கு மனப்பாடம், பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ‘மை ஃபாதர் இஸ் எ…’ என்று தொடங்கும். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ‘மை ஃபாதர் வாஸ் எ டெய்லர்’ என்று எழுதியிருந்தாள். ‘ஹி வாஸ் வெரி கைண்ட்.’ ‘ஹி வாஸ் ஃபார்ட்டி இயர்ஸ் ஓல்ட்.’ மூன்று ‘வாஸ்’. மூன்றையும் சிவப்பு மையில் அடித்து ‘இஸ்’ என்று போட்டேன். பத்துக்கு ஏழு மார்க். ஓரத்தில் ‘டென்ஸ் கவனி’ என்று ஒரு குறிப்பு.

எங்கள் பள்ளியில், திருத்திய வாக்கியத்தை மூன்று முறை எழுதிக் காட்டுவது வழக்கம். அவள் எழுதிக் காட்டினாள். ‘மை ஃபாதர் இஸ் எ டெய்லர்’ என்று மூன்று முறை. அதற்கும் ஒரு டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்து, அக்டோபரில் ப்ராக்ரஸ் ரிப்போர்ட் கொடுக்கும்போது, “அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா” என்றேன். “அம்மாதான் டீச்சர் போடணும்” என்றாள். மே மாதம் தவறிப்போயிருக்கிறார். அன்று மத்தியானம் பீரோவைத் திறந்து அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து, தேதி, டிக் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இலக்கணப் பிழை ஒன்றைக்கூட நான் விட்டிருக்கவில்லை. 110 நோட்டும் திங்கள்கிழமை காலைக்குள் முடித்துக் கொடுத்தவள் நான். ஒன்றையும் படிக்கவில்லை.

நான் போட்ட மூன்று ‘இஸ்’ஸையும் அடித்துவிட்டு, அவள் எழுதிய ‘வாஸ்’ஸைத் திரும்ப எழுதி, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதுவரைக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் பெர்ஃபங்க்டரிக்கு ‘கேர்லெஸ்’ என்று எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு அதை நிறுத்திவிட்டேன். கேர்லெஸ் ஆள் பிழை விடுவான். பெர்ஃபங்க்டரியாகச் செய்கிறவர் பிழையே விடாமலும் இருக்க முடியும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். இது லத்தீனிலிருந்து வந்தது. ‘ஃபுங்கி’ என்றால் ஒரு பொறுப்பை நிறைவேற்றுதல். ‘பெர்’ என்ற முன்னொட்டு, கடைசி வரை, முழுக்க என்று பொருள் தரும். இரண்டும் சேர்ந்து, பொறுப்பை முடித்துத் தலையிலிருந்து இறக்கிவைப்பது என்றாகிறது. பிற்கால லத்தீனில் ‘பெர்ஃபங்க்டோரியஸ்’ என்ற வடிவம் அசட்டையாகச் செய்வதைக் குறிக்கத் தொடங்கியது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. நாம் தினமும் சொல்லும் ‘ஃபங்ஷன்’ இதே வேரில் பிறந்ததுதான். ‘டிஃபங்க்ட்’ என்பதும் அப்படியே. தன் வேலையை முடித்துக்கொண்டது, அதாவது மாண்டது, செயலற்றது. ஃபங்ஷனுக்கு இன்றைக்கும் மதிப்பு இருக்கிறது. அதன் கூடப்பிறந்த பெர்ஃபங்க்டரிக்குத்தான் பெயர் கெட்டுவிட்டது.

நம் ‘கடன்’ என்ற சொல்லும் இதே வழியில் வந்திருக்கிறது, தம்பி. எத்தனையோ வருடமாக என்னை வியக்கவைக்கும் விஷயம் இது. புறநானூற்று 312-ஆம் பாட்டில் பொன்முடியார் ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்கிறார். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என்று ஐந்து பேருக்கு ஐந்து ‘கடனே’. ஒரு சமூகமே தன் பொறுப்பை மார்தட்டிச் சொல்லும் இடம் அது. அப்பர் ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று பாடும்போது அந்தச் சொல் இன்னும் உயரத்துக்குப் போகிறது. ஒருவன் வேண்டுமென்றே உவந்து ஏற்றுக்கொண்ட கடன் அது.

இன்றைக்கு என் பக்கத்து வீட்டம்மா மருமகளைப் பற்றி என்ன சொல்கிறார்? “கடனேன்னு ஒரு சட்னியை அரைச்சு வெச்சிட்டுப் போயிட்டா.” பொன்முடியார் வாயில் பெருமையாக இருந்த அதே ‘கடனே’தான். ‘கடமை’க்கும் இதே கதி. அது சோழர் கல்வெட்டுகளில் நிலவரியின் பெயர். பிறகு மனிதன் செய்தே ஆகவேண்டியதன் பெயராயிற்று. இப்போது ‘கடமைக்குச் செஞ்சான்’ என்றால் மனசு வைக்காமல் செய்தான் என்று அர்த்தம். சட்னி அரைத்தாகிவிட்டது, அதில் உப்பும் இருக்கிறது, தேங்காயும் இருக்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டம்மாவுக்கு நாக்கில் தெரிகிறது.

ஆகையால் பெர்ஃபங்க்டரி என்பதற்கு நான் தரும் முதல் தமிழ்: கடனே என்று செய்த, கடமைக்குச் செய்த. உங்கள் போன் தந்த மூன்றுமே பக்கத்துத் தெருதான், அந்த வீடு இல்லை.

‘அரைமனதான’ என்பது ஆங்கிலத்தில் ஹாஃப்-ஹார்ட்டட். அங்கே ஆசை கொஞ்சம் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. வேலையைப் பாதியில் விட்டுவிடக்கூடும். ‘மேலோட்டமான’ என்பது கர்சரி. ஓடுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கர்சரும் அந்தக் குடும்பம். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பார்வை, நுனிப்புல் மேய்வது. அதில் எப்போதும் குற்றம் இருக்காது. நேரமில்லாமல் கர்சரியாகப் பார்த்தேன் என்று ஒருவர் தாமாகவே சொல்லலாம். பெர்ஃபங்க்டரியாகப் பார்த்தேன் என்று சொன்னால் அது தவற்றை ஒப்புக்கொள்வது. ‘அக்கறையற்ற’ என்பது ரொம்பக் கடுமை, அது ஆளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். ‘வேண்டாவெறுப்பாக’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். வெறுப்புக்குக்கூட ஒரு சூடு உண்டு, இந்தச் சொல்லில் அதுவும் கிடையாது. நான் அந்த 110 நோட்டுகளை வெறுக்கவில்லை.

‘கண்துடைப்பு’ என்ற சொல்லையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அதில் அடுத்தவரை ஏமாற்றும் எண்ணம் இருக்கிறது. கிராமத்தில் ‘கூலிக்கு மாரடிக்கிறது’ என்பார்கள். துக்க வீட்டில் காசு வாங்கிக்கொண்டு அழுகிறவர் ஒப்பாரியில் ஒரு அடியும் விடமாட்டார், நெஞ்சில் அடித்துக்கொள்வதும் குறையாது. பெர்ஃபங்க்டரிக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது. எழுத்தில் பயன்படுத்தக் கொஞ்சம் கரடுமுரடு, அவ்வளவுதான்.

நம் நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘பெர்ஃபங்க்டரி இன்வெஸ்டிகேஷன்’ என்ற தொடர் அடிக்கடி வரும். பத்திரிகைகள் ‘மெத்தனமான விசாரணை’ என்று போட்டுவிடுகின்றன. மெத்தனம் என்றால் சோம்பல் கலந்த தாமதம். நீதிபதி சொல்லவருவது வேறு. கோப்பில் மகஜர் இருக்கும், சாட்சிகள் வாக்குமூலம் இருக்கும், கையெழுத்துகள் இருக்கும். ஆனால் நான்கு சாட்சிகள் சொன்னதும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாசகமாக இருக்கும். கேட்கவேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ‘கடமைக்கு நடத்திய விசாரணை’ என்று எழுதினால் இது வாசகருக்கு உடனே புரியும்.

உங்கள் 26 கட்டத்துக்குத் திரும்புகிறேன். இந்தச் சொல் பெரும்பாலும் செயலோடு ஒட்டும், ஆளோடு அபூர்வமாகத்தான் ஒட்டும். பெர்ஃபங்க்டரி தலையசைப்பு, பெர்ஃபங்க்டரி மன்னிப்பு, பெர்ஃபங்க்டரி சோதனை. உங்கள் மேலாளரும் என்ட்ரிகளைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார், உங்களை இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இலக்கணமே அதுதான். ஆளைக் குறை சொல்ல நினைத்திருந்தால் ஆங்கிலத்தில் வேறு சொற்கள் நிறைய இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணிக்கு 26 கட்டம் என்றால் எட்டு மணி ஷிஃப்டில் 208 கட்டம். 208 தடவை ஓகே எழுதும் கை எந்தக் கட்டத்தில் பார்ப்பதை நிறுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வார இறுதியில் 110 நோட்டு என்று எனக்கு விதித்தவர்களுக்கும் அந்த மூன்று ‘இஸ்’ஸில் பங்கு உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தவறை அவர்கள் மேல் தள்ளிவிட அல்ல. கையில் சிவப்புப் பேனா வைத்திருந்தது நான்தான். ஆனாலும் உங்கள் மேலாளரிடம் கேளுங்கள்: “சார், ஓகே-ன்னு போடறதுக்குப் பதிலா அளவை அப்படியே எழுதற மாதிரி நாலஞ்சு கட்டத்தையாவது மாத்தலாமா?” அளவை எழுத வேண்டுமென்றால் அளந்து பார்த்தே தீரவேண்டும். நானும் அந்த அக்டோபருக்குப் பிறகு 110 நோட்டு திருத்துவதை விட்டுவிட்டேன். வாரம் 25 நோட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் பிள்ளை எழுதியதைப் பற்றி ஒரு வரி. மேலே இருந்தவர்கள் கேட்டார்கள்தான். என்னிடம் இருந்த அந்த ஒரு நோட்டுப் பக்கத்தைக் காட்டினேன்.

கேள்வி: லாக்கடெய்சிக்கல் என்ற சொல்லில் டெய்சிப் பூ எதற்கு வந்தது?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: பூவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையம்மா. ‘அலாக் த டே’ என்று ஒரு பழைய புலம்பல் உண்டு. நம் ‘ஐயகோ, இந்த நாள் வந்ததே’ மாதிரி. அது தேய்ந்து ‘லாக்கடே’ ஆகி, வாயில் இன்னும் இழுபட்டு ‘லாக்கடெய்சி’ ஆனது. எதற்கெடுத்தாலும் அப்படிப் பெருமூச்சு விடுகிறவரைக் குறிக்க 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயரடை பிறந்தது. இன்று சுறுசுறுப்பே இல்லாமல் தேமே என்று இருப்பவருக்கு, அசிரத்தையாக இருப்பவருக்குச் சொல்கிறோம். மேலே ஓசூர்த் தம்பிக்குச் சொன்னேனே, ஆளைக் குறை சொல்லும் சொல் என்று, அது இதுதான். ‘லாக்ஸ்’ என்று ஆரம்பித்துத் தவறாக உச்சரிப்பவர்கள் உண்டு. லாக்ஸ் என்றால் தளர்வு என்பதால் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் பிழை.

கேள்வி: பெர்ஃபங்க்டரி, பெரம்ப்டரி. எனக்கு எப்போதும் மாறிப்போகிறது. ஞாபகம் வைக்க வழி உண்டா?
— போட்டித் தேர்வு எழுதுபவர், விருதுநகர்

பதில்: பெரம்ப்டரி என்றால் மறுபேச்சுக்கு இடம் கொடுக்காத என்று அர்த்தம். மொத்தமாக எடுத்துவிடுதல், அழித்துவிடுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்று பேசுகிற குரல். பெர்ஃபங்க்டரிக்குள் ‘ஃபங்’ கேட்கிறதா? அது ஃபங்ஷனின் ‘ஃபங்’. கல்யாண ஃபங்ஷனுக்குத் தலையைக் காட்டி, மொய் எழுதிவிட்டு, பந்திக்குக்கூட நிற்காமல் கிளம்புகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் வந்தால் பெர்ஃபங்க்டரி. உச்சரிக்கும்போது அழுத்தமும் அந்த ‘ஃபங்’கில்தான் விழ வேண்டும்.

கேள்வி: ‘வெதுவெதுப்பான வரவேற்பு’ என்று ஒரு செய்தியில் படித்தேன். சரியா? லூக்வார்ம் என்பதில் லூக் யார்?
— ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்

பதில்: லூக் என்று ஒரு ஆள் இல்லை ஐயா. இடைக்கால ஆங்கிலத்தில் ‘லூக்’ என்றாலே மிதமான சூடு என்றுதான் பொருள். அது ஒரு வசைச் சொல்லாக வலுப்பெற்றதற்கு பைபிளில் ஓர் இடம் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தில், இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா சபையைப் பார்த்து, நீ குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று கடிந்துகொள்ளும் இடம். அந்த ஊர்ப் பெயரிலிருந்தே, பக்தியில் பட்டும்படாமலும் இருப்பவரைச் சொல்ல ‘லவோடிசியன்’ என்றொரு பெயரடை ஆங்கிலத்தில் உருவானது.

உங்கள் சந்தேகம் சரி. நமக்கு வெதுவெதுப்பு என்றால் சுகம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர், தொண்டை கட்டினால் குடிக்கும் தண்ணீர். அந்தச் செய்தியைப் படிக்கிறவருக்கு நல்ல வரவேற்பு என்றே தோன்றும். ‘சுரத்தில்லாத வரவேற்பு’ என்று எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: சிறுகதை மொழிபெயர்க்கிறேன். ஒரே கதையில் பெர்ஃபங்க்டரி நான்கு இடத்தில் வருகிறது: புன்னகை, தலையசைப்பு, மன்னிப்பு, முத்தம். நான்கிலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடலாமா?
— வாசகி, கோவை

பதில்: போடாதீர்கள். ஆங்கிலம் ஒரு பெயரடையை எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் நிறுத்திவிடும். தமிழில் இந்த வேலையை வினைக்கு முன்னால் வரும் சொல்தான் செய்கிறது. ‘கடமைப் புன்னகை’ என்றால் காதுக்குப் பொருந்தவில்லை. ‘கடமைக்குச் சிரித்தாள்’ என்றால் ஆள் கண் முன்னால் நிற்கிறாள்.

தலையசைப்புக்கு ‘ஒப்புக்கு’ நன்றாக இருக்கும். சின்ன வயசில் விளையாட்டில் சேர்த்துக்கொண்டு கணக்கில் சேர்க்காமல் விடும் பொடிசு ஞாபகம் வரும். மன்னிப்புக்கு ‘பேருக்கு’: பேருக்கு ஒரு மன்னிப்புக் கேட்டான். அரசு விழா, மேடை, பொன்னாடை என்றால் ‘சம்பிரதாயத்துக்கு’. முத்தம்தான் கஷ்டம். கொடுப்பவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. இருபது வருடமாகத் தினமும் வேலைக்குக் கிளம்பும் கணவன் என்றால் ‘வழக்கம்போல்’ என்ற சொல்லே போதும், வாசகருக்குப் புரிந்துவிடும். பிரிந்துபோகப்போகிற இருவர் என்றால் ‘கடனே என்று’. அந்தப் பத்தியை அப்படியே எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துப் பார்த்துவிட்டு அடுத்த இதழில் சொல்கிறேன்.